பூட்டியிருந்தால் அடுத்த வீடு

துறையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார்கள். உற்சாகமூட்டும்படி இருக்க வேண்டுமாம். அது எனக்கு வராது. இருபத்தெட்டு வருஷம் இந்தப் பல்கலைக்கழகத்தில் சுகாதாரப் பொருளாதாரம் பார்த்தேன். போன வருஷம் ஓய்வு பெற்றேன். அதில் நான் செய்த ஒரு தப்பை எழுதுகிறேன். படித்தபின் உற்சாகம் வந்தால் அது உங்கள் பாடு.

நம் வேலை என்ன? ஆஸ்பத்திரிக்கு, மாத்திரைக்கு, நர்ஸ் சம்பளத்துக்கு என்று அரசாங்கம் செலவழிப்பது யாருக்குப் போய்ச் சேருகிறது, சேராவிட்டால் ஏன் என்று கண்டுபிடிப்பது. நாம் எழுதும் ஒரு பக்கத்தை வைத்து ஒரு ஊரில் கதவைத் திறப்பார்கள், இன்னொரு ஊரில் மூடுவார்கள். மூடும்போது நாம் அங்கே இருக்க மாட்டோம். தேனி அலுவலகத்தில் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்திருப்போம். இதை மறந்தவன் இந்த வேலைக்கு லாயக்கில்லை. நான் ஒருமுறை மறந்தேன்.

ஆறேழு வருஷத்துக்கு முன்னால் நடந்தது. கம்பத்திலிருந்து டவுன் பஸ்ஸில் அரைமணி நேரம் போனால் மலையடியில் ஒரு ஊர். பெயர் வேண்டாம். கீழே திராட்சைத் தோட்டம், அதற்கு மேலே தென்னை, அதற்கும் மேலே மலை. அங்கே உள்ள சுகாதார நிலையத்தில் சோதனை முறையில் மாலை ஐந்து மணியிலிருந்து எட்டு மணிவரை ஒரு டாக்டரையும் ஒரு நர்ஸையும் உட்கார வைத்திருந்தார்கள். ஊர்க்காரர்கள் அதைச் சாயங்கால ஆஸ்பத்திரி என்றார்கள். இந்தச் செலவு தேவைதானா, அந்த டாக்டரை வேறு இடத்துக்கு அனுப்பலாமா என்று ஆராய்ந்து சொல்லும் வேலை நமக்கு வந்தது. களப்பணி முழுக்க என் பொறுப்பு. கணக்கெடுப்பவர்களுக்கான கையேட்டை எழுதியதும் நான்தான்.

அந்தக் கையேட்டில் ஒரு விதி உண்டு. வீடு பூட்டியிருந்தால் வலப்பக்கம் அடுத்த வீட்டுக்குப் போகவும். பல ஊர்களில் எழுதி எழுதிக் கைக்குப் பழகிப்போன விதி. யோசிக்காமல் இதிலும் போட்டேன்.

எங்கள் வண்டி காலை பத்து மணிக்கு ஊருக்குள் நுழையும். நாலு மணிக்குக் கிளம்பிவிடும். நாலு மணிக்கு மேல் ஓட்டுநருக்குப் படி கிடையாது. ஆக, எங்கள் ஆராய்ச்சி முறையை முடிவு செய்தது அந்த வண்டி. அறிக்கையில் அதைப் 'பகல்நேர நேர்காணல் முறை' என்று எழுதினோம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

கணக்கெடுத்தவர்களில் முத்துலட்சுமி என்று ஒருத்தி. காமயகவுண்டன்பட்டிக்காரி. நாற்பது தாண்டியவள். தையல் கடையை மூடிவிட்டு எங்களிடம் தினக்கூலிக்குச் சேர்ந்தவள். மூன்றாம் நாள் மத்தியானம், வண்டியில் உட்கார்ந்து படிவங்களைச் சரிபார்த்துக் கொண்டிருந்த என்னிடம் வந்தாள்.

"மேடம், மேலத்தெருவுல பாதி வீடு பூட்டிக் கெடக்கு."

"அடுத்த வீட்டுக்குப் போ. கையேட்டுல இருக்குல்ல?"

"அடுத்த வீடும் பூட்டுத்தான். ஆறு வீடு தள்ளிப் போய்த்தான் ஒரு ஆளப் பிடிச்சேன். எல்லாரும் காலையிலயே..."

"முத்துலட்சுமி, விதிப்படி செய். நீ யோசிக்காத. யோசிக்கத்தான் நாங்க இருக்கோம்."

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். போய்விட்டாள். அந்த வாக்கியத்தை நான் சொன்னபடியே எழுதியிருக்கிறேன். அழகாக்க மனசு வரவில்லை.

கணக்கெடுப்பு முடிந்தது. முடிவு பளிச்சென்று இருந்தது. நாங்கள் கேட்ட வீடுகளில் சாயங்கால ஆஸ்பத்திரிக்குப் போனோம் என்று சொன்னவர்கள் மிகக் கொஞ்சம். உடம்புக்கு முடியாவிட்டால் காலை ஓ.பி.க்கே போய்விடுகிறோம் என்றார்கள். ஆனால் அங்கே இருந்த பதிவேட்டில் தினமும் பக்கம் நிறையப் பேர். இரண்டும் பொருந்தவில்லை.

பொருந்தாதபோது என்ன செய்ய வேண்டும்? இரண்டையும் சந்தேகப்பட வேண்டும். நான் ஒன்றை மட்டும் சந்தேகப்பட்டேன். நான் எடுத்தது சரி, அந்த நர்ஸ் எழுதியது பொய். 'பதிவேட்டிலுள்ள வருகை எண்ணிக்கை மிகைப்படுத்தப்பட்டிருக்க வாய்ப்புள்ளது' என்று அறிக்கையின் வரைவில் எழுதினேன். எழுதிவிட்டு, கண்டுபிடித்துவிட்டோமே என்று சந்தோஷமாக டீ குடித்தேன்.

அந்த நர்ஸின் பெயர் ஸ்டெல்லா. ஒப்பந்தத்தில் இருந்தவர். சாயங்கால ஆஸ்பத்திரியை மூடினால் அவருடைய வேலையும் போகும். கள்ளக் கணக்கு எழுதினார் என்ற பேரோடு போனால் வேறெங்கும் எடுக்க மாட்டார்கள். இது எனக்குத் தெரியும். தெரிந்துதான் எழுதினேன்.

வெள்ளிக்கிழமை தேனியில் கூட்டம். மூடுவதா, நடத்துவதா என்று அன்றைக்கு முடிவு. செவ்வாய்க்கிழமை துறைத்தலைவர் என்னைக் கூப்பிட்டு, பதிவேட்டின் சில பக்கங்களை நகலெடுத்து அறிக்கையோடு இணைத்தால் பலமாக இருக்கும் என்றார். வண்டி வேறு வேலைக்குப் போயிருந்தது. பழனிசெட்டிபட்டியில் என் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு, பஸ் பிடித்து நானே போனேன். வண்டியில் போயிருந்தால் நாலு மணிக்குத் திரும்பியிருப்பேன். இன்றைக்கு இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது ஐந்து மணி ஆகியிருந்தது. ஸ்டெல்லா பஞ்சு வெட்டிக்கொண்டிருந்தார். யாரென்று சொன்னேன். அவர் எழுந்திருக்கவில்லை.

"தெரியும் மேடம். பேரைக் கள்ளமா எழுதுறேன்னு சொன்னது நீங்கதான?"

யாரோ சொல்லியிருக்கிறார்கள். இந்த மாவட்டத்தில் வரைவு அறிக்கை ரகசியமாக இருந்ததாகச் சரித்திரமே கிடையாது.

"பதிவேடு வேணும்" என்றேன்.

மேசை இழுப்பறையிலிருந்து எடுத்து என் முன்னால் வைத்தார். "எடுத்துட்டுப் போங்க. போறதுக்கு முன்னாடி ஒரு அரைமணி நேரம் அங்கன பெஞ்சுல உக்காருங்க. இருந்து பாத்துட்டுப் போங்க."

உட்கார்ந்தேன். மரியாதைக்காக இல்லை. அடுத்த பஸ் ஆறு மணிக்குத்தான்.

ஐந்தரைக்கு முதல் ஜீப் வந்தது. மலையிலிருந்து இறங்கி வந்த ஜீப். உள்ளே எத்தனை பேர் அடைத்திருந்தார்கள் என்று எண்ண முடியவில்லை. பின்னாலேயே இன்னொன்று. அதற்குப் பின்னால் இன்னொன்று. பெண்கள் இறங்கினார்கள். இடுப்பில் சாக்கு, கையில் தூக்குவாளி, காலில் அட்டை கடித்த இடத்தில் புகையிலை. ஏலக்காய் வாசனை ஆஸ்பத்திரி டெட்டால் வாசனையை அமுக்கியது. பாதிப் பேர் வீட்டுக்குப் போனார்கள். மீதிப் பேர் நேராக வாசலில் வரிசையில் நின்றார்கள். வெள்ளைச் சேலைத் தலைப்பை உதறிக்கொண்டே ஒரு அம்மா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அன்னம்மா என்று பின்னால் தெரிந்துகொண்டேன்.

"ஏத்தா ஸ்டெல்லா, யாரு இது? புது டாக்டரம்மாவா?"

"இல்ல சித்தி. வீடு வீடா கணக்கெடுத்தாகள்ல, அந்தம்மா."

"கணக்கா? எங்க வீட்டுக்கு யாரும் வரலையே!"

"வந்தோம்மா. பூட்டியிருந்துச்சு" என்றேன்.

"பின்ன? தெறந்து போட்டுட்டா மலைக்குப் போவாக?"

வரிசை மொத்தமும் சிரித்தது. பின்னாலிருந்து ஒருத்தி கேட்டாள். "பகல் பத்து மணிக்கு வீட்ல இருக்கிறவளுக்குத்தான் சீக்கு வருமாக்கும்?"

இந்த ஊரில் பாதிக் குடும்பம் எல்லைக்கு அந்தப் பக்கம் கேரளத்து ஏலத்தோட்டத்துக்கு வேலைக்குப் போகிறது. புருஷன், பெண்டாட்டி இருவரும் விடியுமுன் ஜீப் ஏறிவிடுகிறார்கள். பிள்ளைகள் பள்ளிக்கூடம். வீடு பூட்டு. நான் தேனிக்காரி. இது எனக்குத் தெரியாதா? தினமும் கம்பம் சாலையில் அந்த ஜீப்புகளைப் பார்த்துக்கொண்டே வளர்ந்தவள். தெரிந்திருந்தும் கையேடு எழுதும்போது ஞாபகம் வரவில்லை. கையேடு எழுதும்போது நான் தேனிக்காரியாக இல்லை. பல்கலைக்கழகக்காரியாக இருந்தேன்.

அன்னம்மாவிடம் கேட்டேன். "காலையில ஓ.பி.க்கு ஒரு நாள் லீவு போட்டு வரலாமே?"

"நல்லாச் சொன்னீக. ஒரு நா நின்னா ஜீப்புல எனக்குப் பதிலா வேற ஆளு உக்காந்துரும். அடுத்த நா டிரைவரு, 'சேச்சி, எடமில்ல'ம்பான்." அவர் ரவிக்கைக் கையை மடக்கிவிட்டு, ரத்த அழுத்தம் பார்க்க ஸ்டெல்லாவிடம் கையை நீட்டினார். "முன்னாடி இந்தச் சாயங்கால ஆஸ்பத்திரி கெடையாது. மாத்திரைய நிறுத்திப்புட்டேன். மலையில விழுந்துட்டேன். சாக்குல வச்சுத் தூக்கிட்டு வந்தாக. இப்ப மூணு வருசமா விழல. எதுக்கு மூடப் போறாகளாம்?"

பதிவேட்டை அங்கேயே வைத்துவிட்டு ஆறு மணி பஸ்ஸில் ஏறினேன்.

புதன்கிழமை காலை அலுவலகத்தில் படிவக் கட்டுகளைப் பிரித்தேன். எதைத் தேடுகிறேன் என்று எனக்கே தெரியாது. முத்துலட்சுமியின் கட்டைத் திருப்பியபோது ஒரு படிவத்தின் பின்பக்கம் பென்சிலில் ஏதோ எழுதியிருந்தது. கதவு எண்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில், 'ஏலம்', 'ஏலம்', 'ஏலம்', 'பெரியகுளம் மகள் வீடு', 'ஏலம்'. அடுத்த படிவத்திலும் அப்படியே. பூட்டியிருந்த ஒவ்வொரு வீட்டையும் பக்கத்து வீட்டில் விசாரித்து எழுதியிருக்கிறாள். கணினியில் ஏற்றியவர்கள் முன்பக்கத்தை மட்டும் ஏற்றினார்கள். பின்பக்கத்தை யாரும் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை.

அவளை வரவழைத்தேன்.

"இதை ஏன் எழுதுன?"

"நீங்க யோசிக்காதன்னு சொன்னீக மேடம். எழுதாதன்னு சொல்லலையே."

அவள் முகத்தில் சிரிப்பு இல்லை. எனக்கும் சிரிக்க வரவில்லை.

இங்கேதான் நீங்கள் கவனமாகப் படிக்க வேண்டும். என் கையில் இரண்டு நாள் இருந்தது. முதலில் என் மனசில் வந்த யோசனை இது: இரண்டு மாலையில் நாலு பேரை வைத்துப் பூட்டிய வீடுகளுக்கெல்லாம் போய்க் கேட்டு, அதையும் உள்ளே சேர்த்து, அறிக்கையைத் திருத்தி, நர்ஸைப் பற்றிய வாக்கியத்தை அடித்துவிட்டு வெள்ளிக்கிழமை நீட்டிவிடலாம். ஆஸ்பத்திரியும் தப்பும். என் பேரும் தப்பும். ஒருவருக்கும் தெரியாது.

முத்துலட்சுமியிடம் சொன்னேன். அவள் விரலை விட்டு எண்ணிப் பார்த்தாள்.

"ரெண்டு நாளைல வெரசலா கேட்டா வாயில வந்ததச் சொல்லுவாக மேடம். அதுவும், மூடக்கூடாதுன்னு நம்ம போய்க் கேட்டா, எல்லாரும் தெனமும் வாறேம்பாக. அதுவும் கள்ளக் கணக்குத்தான?"

முனைவர் பட்டம் வாங்கிய எனக்குத் தோன்றாதது அது. தோன்றவில்லை என்பதும் பொய். தோன்ற விடவில்லை. நல்லதுக்காகச் செய்யும் பொய்க் கணக்கும் பொய்க் கணக்குதான். நாளைக்கு வேறு யாராவது அதை உடைத்தால், சாயங்கால ஆஸ்பத்திரியும் அதோடு உடையும்.

வியாழக்கிழமை துறைத்தலைவர் அறைக்குப் போனேன். அவர் கெட்டவர் இல்லை. அவசரக்காரர். முழுக்கக் கேட்டார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார்.

"சரி. 'பூட்டிய வீடுகள் சேர்க்கப்படவில்லை'ன்னு ஒரு அடிக்குறிப்பு போட்டுரலாம்."

"அடிக்குறிப்பை யார் சார் படிப்பா?"

"படிக்கிறவங்க படிப்பாங்க."

"மூடுறவங்க படிக்க மாட்டாங்க. அந்த நர்ஸ் திருடின்னு மேலே கொட்டை எழுத்துல இருக்கும். அவங்க திருடி இல்லைன்னு கீழே பொடி எழுத்துல இருக்குமா?"

"திருடின்னு நாம எழுதலையே."

"வேற என்ன சார் எழுதினோம்? நாகரிகமா எழுதினோம். அவ்வளவுதான்."

அவர் குரல் ஏறியது. அடுத்த ஆராய்ச்சி நமக்குக் கிடைக்காது, துறையின் பேர் கெடும், மூன்று மாதம் இதையெல்லாம் கவனிக்காமல் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்றார். கடைசிக் கேள்வி நியாயமானது. அதற்கு மட்டும் பதில் சொன்னேன். "தப்பு பண்ணிக்கிட்டு இருந்தேன். அதை நாளைக்கு நானே சொல்றேன்."

சத்தம் போட்டுத்தான் பேசினேன். வராண்டாவில் நின்றவர்கள் கேட்டார்கள். அதற்கு எனக்கு வெட்கமில்லை.

வெள்ளிக்கிழமை கூட்டத்தில் எழுந்து நின்று நாலே விஷயம் சொன்னேன். இந்த அறிக்கை தப்பு. மலைக்கு வேலைக்குப் போகும் குடும்பங்களை நாங்கள் கேட்கவே இல்லை. அந்த விதியை எழுதியது நான், கணக்கெடுத்தவர்கள் இல்லை. நர்ஸைப் பற்றிய வாக்கியத்துக்கு எங்களிடம் எந்த ஆதாரமும் கிடையாது, அதைத் திரும்பப் பெறுகிறேன். பிறகு முத்துலட்சுமியின் படிவங்களைப் பின்பக்கம் மேலே தெரியும்படி மேசையில் வைத்தேன்.

ஒரு அதிகாரி எரிச்சலோடு கேட்டார். "அப்ப அந்த ஆஸ்பத்திரி தேவைன்னு சொல்றீங்களா?"

"தெரியாது சார். தேவையில்லைன்னு சொல்ல எங்ககிட்ட ஒண்ணும் இல்ல. அதை மட்டும்தான் இன்னைக்குச் சொல்ல முடியும்."

அப்படிச் சொல்வது எவ்வளவு கஷ்டம் தெரியுமா? அன்னம்மா நீட்டிய கை என் கண்ணுக்குள் நின்றது. தேவை, தேவை என்று மேசையைத் தட்டிச் சொல்லியிருக்கலாம். ஆனால் ஒரு சாயங்காலம் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்ததை வைத்துத் தேவை என்று சொன்னால், மூன்று மாதம் பகலில் பார்த்ததை வைத்துத் தேவையில்லை என்று சொன்னதற்கும் அதற்கும் என்ன வித்தியாசம்?

மூடுவதைத் தள்ளி வைத்தார்கள். மறுபடியும் கணக்கெடுக்கச் சொன்னார்கள். என்னைப் பொறுப்பிலிருந்து எடுத்துவிட்டார்கள். சரிதான். இரண்டாம் கணக்கெடுப்பில் நான் படிவம் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போனேன். மேற்பார்வை முத்துலட்சுமி. வண்டி கிடையாது, டவுன் பஸ்தான். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மாதா கோயிலிலிருந்து வரும்போது கேட்டோம். மற்ற நாளில் ஜீப் வந்து, அவர்கள் உலை வைத்தபிறகு போனோம். பூட்டியிருந்தால் திரும்பப் போனோம். அப்போதும் பூட்டியிருந்தால் மறுபடியும் போனோம். விடிவதற்கு முன்னால் ஜீப் நிற்கும் இடத்திலும் நின்றோம். "ஏத்தா, இன்னைக்கும் வந்துட்டியா? பேசாம நீயும் ஏறு, காய் எடுக்கலாம்" என்று கிண்டல் செய்தார்கள். பதிவேட்டில் இருந்த பெயர்களும் வீடுகளில் சொன்ன பெயர்களும் பொருந்தின. சாயங்கால ஆஸ்பத்திரி இன்றைக்கும் நடக்கிறது.

இப்போது உங்கள் கையில் டேப்லெட் கணினி இருக்கிறது. அதில் 'வீடு பூட்டியுள்ளது' என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதைத் தொட்டால் அடுத்த வீடு தானாக வந்துவிடுகிறது. யோசிக்க வேண்டிய அவசியமே இல்லாமல் செய்துவிட்டார்கள். அந்தக் கட்டத்தைத் தொடுமுன் பக்கத்து வீட்டில் கேளுங்கள். வெயிலில் அலைந்துவிட்டு வந்து ஒருத்தி உங்களிடம் ஏதோ சொல்ல ஆரம்பித்தால், அவள் வாக்கியத்தை முடிக்க விடுங்கள். உங்கள் கணக்கும் இன்னொருவர் கணக்கும் பொருந்தவில்லை என்றால், முதலில் உங்களுடையதை உடைத்துப் பாருங்கள். அடுத்தவரைத் திருடர் என்று எழுத ஒரு நிமிஷம் போதும்.

ஒன்று சொல்லாமல் விட்டேன். சொல்லப் பிடிக்கவில்லை, அதனால் கடைசிக்குத் தள்ளினேன். கூட்டம் முடிந்த அன்று மாலையே ஸ்டெல்லாவிடம் போனேன். ஜீப்புகள் வந்திருந்தன. வரிசை இருந்தது. நேரே மேசைக்குப் போனேன்.

"வரிசைல வாங்க மேடம்" என்றார்.

நின்றேன். அன்னம்மாவுக்குப் பின்னால் இரண்டு ஆள் தள்ளி. என் முறை வந்தபோது, தப்பு என்னுடையது, கூட்டத்தில் சொல்லிவிட்டேன், மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன். அவர் என் கையை இழுத்து ரத்த அழுத்தப் பட்டையைச் சுற்றினார். காற்றை அடித்தார். இறக்கினார்.

"ரெண்டு நாளா தூங்கலையா? ரொம்ப ஏறிக் கெடக்கு. டாக்டரப் பாத்துட்டு மாத்திரை வாங்குங்க."

பிறகு பதிவேட்டை என் பக்கம் திருப்பி, பேனாவை நீட்டினார்.

"நீங்களே எழுதுங்க. பேரு, வயசு, ஊரு. கையெழுத்தும் போடுங்க. நான் எழுதுனா கள்ளம்பாக."

எழுதினேன். அந்தப் பக்கத்தில் எனக்கு மேலே இருந்த பெயர்களை அப்போதுதான் முதல்முறையாகப் படித்தேன். அத்தனை பேரும் எனக்கு முன்னால் வரிசையில் நின்றவர்கள்.

ஸ்டெல்லா நான் எழுதிய வரியை விரலால் தொட்டுக் காட்டினார். "இந்தப் பேரு நெசமா மேடம்?"

"நெசம்" என்றேன்.

"அப்ப தள்ளி நில்லுங்க. பின்னால ஆளு நிக்கிது."